பத்திரமாக உள்ளே

சிதம்பரத்திலிருந்து அக்காவின் கணவர், முதுநகரில் இருக்கும் என் வீட்டுக்குத் தன் போனைக் கொண்டுவந்தார். போன் திணறியது. சேமிப்புப் பகுதியை வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு, அதாவது ஃபைல்களை அடுக்கிவைக்கும் வேறு முறைக்கு, மாற்றினால் வேகமாகிவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"போட்டோல்லாம் போயிடாதே, மச்சான்?"

"பேக்கப் எடுத்துப் பத்திரமா உள்ள வெச்சிட்டேன் மாமா."

எங்கள் வீட்டில் பத்திரம் என்றாலே உள்ளேதான். நகையும் உள்ளே, ரேஷன் கார்டும் உள்ளே. மாற்றும்போது அந்தப் பகுதி முழுக்க அழியும் என்று எனக்குத் தெரியும். பேக்கப்பையும் அதற்குள்ளேயே வைத்த என் மடத்தனம், அழித்த பிறகுதான் உறைத்தது. அக்கா இறந்து ஒரு வருஷம். அவள் படங்கள் வேறெங்கும் இல்லை.

மாமா போனை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"புதுப் போனாட்டம் ஓடுதே," என்றார்.

கேலரியை அவர் இன்னும் திறக்கவில்லை.