செபமாலைமுத்து பார்த்த பன்றிகள்

1991 கிறிஸ்மஸுக்கு முன்பே பன்றிக் கொட்டில் தயார். லண்டனில் ஹவுன்ஸ்லோவுக்கு அப்பால், விமானங்கள் தாழப் பறக்கும் வெளியில், செபமாலைமுத்து கால் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். மன்னார்க்காரர், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. அவர் வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருந்ததால், ஆங்கிலப் பன்றிப் புத்தகத்தை வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு.

நிலத்துக்காரக் கிழவர் தவணை வைத்துவிட்டார்: ஈஸ்டர் திங்களுக்குள் கொட்டிலில் பன்றி நிற்கவேண்டும். இல்லையென்றால் நிலம் வேறு ஆளுக்கு.

தவக்காலம் தொடங்கியும் இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த இனத்தை வாங்குவது? நிறம், உயரம், குணம், பிறந்த ஊர்.

“லார்ஜ் வைட் கொழுப்புக் குறைஞ்சதாம், அண்ணை.” புத்தகம் அதைப் புகழ்ந்துதான் எழுதியிருந்தது.

“கொழுப்பில்லாட்டில் அது பண்டியே, தம்பி? அடுத்ததை வாசியும்.”

“டாம்வொர்த். வேலிக்குக் கீழால கிண்டிக்கொண்டு போகுமாம்.”

“வேண்டாம்.”

“பெர்க்சயர். முழுக்கக் கறுப்பு. நல்ல கொழுப்பு.”

முகம் மலர்ந்தது. படத்தைப் பார்த்ததும் சுருங்கியது. “நாலு காலும் வெள்ளை. சப்பாத்துக்குள்ள மேசு போட்ட மாதிரி.”

மனைவி மெற்றில்டா குசினியிலிருந்து கத்தினார்: “மகளுக்கு மாப்பிள்ளை பாக்க ஒரு கிழமைதானே எடுத்தனீங்கள்!”

“மாப்பிள்ளை பிழைச்சால் ரெண்டு குடும்பமும் இருந்து பேசலாம். பண்டி பிழைச்சால் ஆரோட பேசுறது?”

பூசை முடிந்து வருகிறவர்களையெல்லாம் மறித்துக் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரிய வெள்ளியும் போயிற்று. ‘எதையாவது வாங்குங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கம் புரட்டியே விரல் தேய்ந்தது.

சனி காலை அவர் ஷிப்டுக்குப் போன கையோடு மெற்றில்டா சப்பாத்தை மாட்டினார். “தம்பி, வாசலில நிக்கிற வானை எடும், பண்ணைக்குப் போவம்.”

பண்ணையில் ஐந்து நிமிடம்தான் நின்றோம். புள்ளி போட்ட குட்டிகள் இரண்டு வைக்கோல் பெட்டியில் வந்தன.

பின்னேரம் அவர் வேலியருகில் நின்று குட்டிகளை மேலும் கீழும் பார்த்தார். “என்ன இனமெண்டு கேட்டனீரோ?”

“பண்டியெண்டு சொன்னவங்கள்,” என்றார் மெற்றில்டா.

“காது கண்ணை மூடுதப்பா. எப்பிடிப் பாக்கும்?”

“உங்களைப் பாக்காமல் இருக்கிறது அதுகளுக்கு நல்லம்.”

திங்கள் காலை கிழவர் வந்து, கொட்டிலை எட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார். நிலம் தப்பியது. அவர் வந்ததையே செபமாலைமுத்து கவனிக்கவில்லை. குந்தியிருந்து ஒரு குட்டியின் காதைச் சாணால் அளந்துகொண்டிருந்தார்.

“தம்பி, காதைப் பற்றிப் புத்தகத்தில என்ன கிடக்கு? ஒருக்கா எடுத்துக்கொண்டு வாரும்.”

“புத்தகம் கொட்டிலுக்குள்ளதான் கிடக்கு,” என்றார் மெற்றில்டா. “அதுகள் திண்டு முடியட்டும்.”