சந்தனம் பூசாத சிவப்பு விளக்கு

என் மனைவி சைக்கிளில் வீட்டுக்கு வருகிற அழகைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அவளிடம் சொன்னால் "வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்பாள். வேலை இருக்கிறது. குட்டி யானை ஓட்டுகிறேன், அதாவது சின்ன சரக்கு வண்டி. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு பாண்டி முழுக்கக் கடை கடையாக இறக்கிப் போடுவேன். இருட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கு உலகத்திலேயே ஆகாத ஜீவன் விளக்கு இல்லாத சைக்கிள்தான். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து திடீரென்று முளைக்கும். பிரேக்கை மிதித்துவிட்டு, ஓட்டுகிறவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன். அப்படிப்பட்டவன் வீட்டிலிருந்தே ஒரு சைக்கிள் ராத்திரி ரோட்டுக்குக் கிளம்பினால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அவளுக்குத் தட்டாஞ்சாவடியில் வேலை. மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற சின்ன கம்பெனி. மூடியை ஒவ்வொன்றாக டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விரிசல் இருந்தால் கழித்துப் போட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதைச் சம்பளத்துக்குச் செய்கிறவள் அவள். போன வருஷம் அந்தப் பிரிவுக்கே அவளைப் பொறுப்பாக்கினார்கள். மில் மூடிய பிறகு கிடைத்த கூலிக்கெல்லாம் போனவர் அவள் அப்பா. அந்த வீட்டிலிருந்து நாலு பேரை வேலை வாங்குகிற இடத்துக்கு வந்த முதல் ஆள் இவள்தான். சேதி வந்த அன்று தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். பொறுப்போடு சேர்ந்து வேலை முடிகிற நேரமும் ராத்திரி எட்டுக்குத் தள்ளிப்போனது. கொஞ்ச நாளில் பெண்களைக் கொண்டுவந்து விடுகிற கம்பெனி வேனும் நின்றுவிட்டது.

எங்கள் வீடு பிள்ளைச்சாவடியில். என் வண்டி எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று எனக்கே தெரியாது, அதனால் நான் போய் அழைத்துவர முடியாது. ஸ்கூட்டி அவளுக்குச் சரிப்படாது. ஒரு தடவை ஏறி நேராக வேலிக்குள் விட்டாள், அதோடு கும்பிடு போட்டுவிட்டாள். சைக்கிள் மட்டும் பள்ளிக்கூட நாளிலிருந்து கைவந்தது.

"சைக்கிள்லயே வந்துட்றேன்" என்றாள்.

"கடற்கரை ரோட்டுலயா? லாரி போற போக்கு தெரியுமா உனக்கு? சனி ஞாயிறுல காரு பறக்கும். பேசாம வேலைய விட்டுடு."

"விட மாட்டேன்."

"அப்ப ஒண்ணு கேட்டுக்கோ. உம்மேல ஒரு கீறல் பட்டுச்சுன்னாலும் மறுநாள்லேருந்து வேலைக்குப் போவக் கூடாது."

"சரி. கீறலே படாம வந்தா வாயத் தொறக்கக் கூடாது நீங்க" என்றாள். பேச்சு முடிந்தது.

எனக்கா மனசு அடங்கவில்லை. மறுநாளே போய்க் கடையில் இருப்பதிலேயே பெரிய விளக்காகப் பார்த்து வாங்கி வந்தேன். முன்பக்கம் டார்ச் மாதிரி கண்ணைப் பறிக்கும். பின்பக்கத்துக்கு சிவப்பு, நீலம், பச்சை என்று மாறி மாறி மின்னுகிற ஒன்று. "இன்னாங்க இது, கல்யாணத்துக்கு சீரியல் செட்டு போட்டாப்ல?" என்று சிரித்தாள். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "நீங்க சைக்கிள எடுத்துக்கினு தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வாங்க. நான் உங்க வண்டில குந்திப் பாக்குறேன்" என்றாள்.

அப்படியே நடந்தது. என் டிரைவர் சீட்டில் அவள் ராணி மாதிரி உட்கார்ந்தாள். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு லேடீஸ் சைக்கிளில் தெருவில் போகவும் வரவும் இருந்தேன். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. மானம் கப்பலேறியது. ஆனால் அன்றைக்கு அவள் கண்டுபிடித்ததெல்லாம், இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த எனக்கும் தோன்றாதவை.

கலர் கலராக மின்னினால் அது சைக்கிளா கடை போர்டா என்று புரியவில்லை, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் பிடிபடவில்லை என்றாள். அணையாமல் நின்று எரிகிற ஒரே சிவப்புதான் வேண்டும். முன்விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் குத்துகிறது, அவன் நம் மேலேயே ஏற்றிவிடுவான், ஆகவே தரையைப் பார்த்துச் சாய்த்து வைக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் மாட்டிய பின்விளக்கைக் கேரியரில் இருக்கும் சாப்பாட்டுப் பை முழுசாக மறைத்துவிட்டது. கேரியரின் கடைசிக் கம்பிக்கு அதை மாற்றினாள். அத்தனையிலும் அவளுக்குப் பிடித்தது பெடலில் ஒட்டியிருந்த மஞ்சள் பிரதிபலிப்பான்கள். "அது மேலயும் கீழயும் ஆடுது பாருங்க. ஆடுனாலே யாரோ மிதிக்கிறாங்கன்னு தெரிஞ்சிடும்" என்றாள்.

அவள் கேட்ட மாதிரி விளக்குக்காக, வழியிலிருக்கும் கருவடிக்குப்பத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் டைனமோவே போதும், செலவே கிடையாது என்று சாதித்தார். இவள் அதையும் மாட்டிப் பார்த்தாள். "சிக்னல்ல நின்னா அணைஞ்சிடுதே அண்ணே. எனக்கு நிக்கிறப்பதான் பயமே" என்றாள். அவர் டைனமோவைக் கழற்றி வைத்தார். மழைத் தண்ணீர் இறங்காத, செல்போன் மாதிரி சார்ஜ் போடுகிற விளக்காக எடுத்துக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலேயே சார்ஜ் போட்டுக்கொள்வாள்.

அதற்கப்புறம் தினமும் அந்த வரவைப் பார்க்க வேண்டுமே! சீக்கிரம் வீடு திரும்பிய நாட்களில் ரோட்டோரம் போய் நிற்பேன். கார் வெளிச்சமெல்லாம் சர்சர்ரென்று போகும். அதற்கு நடுவே ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் அவசரப்படாமல், ஓரத்தை விடாமல், ஒரே சீராக வரும். லாரி ஹாரன் அடித்தாலும் ஹேண்டில்பார் இப்படி அப்படி ஆடாது. மழையில் பாலித்தீன் கோட்டு, தலையில் துண்டு, அதே சீர். நான் இந்த ரோட்டில் எத்தனையோ டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து. இவ்வளவு நிதானம் யாரிடமும் இல்லை. கூட வேலை செய்கிற கருவடிக்குப்பத்துப் பெண்ணும் அதே மாதிரி விளக்கு மாட்டிக்கொண்டு அவளோடு சேர்ந்து வர ஆரம்பித்தாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் முதலாளி வண்டிக்கு அமர்க்களமாகப் பூஜை போட்டார். முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடிக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஹெட்லைட்டுக்குச் சந்தனம் பூசியவன் நான். வருஷத்துக்கு ஒரு நாள், கஞ்சத்தனம் எதற்கு என்று கை நிறைய அள்ளிப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். பொரி, சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது இருட்டிவிட்டது. வெளிச்சம் மங்கலாகத்தான் விழுந்தது. தெரிந்த ரோடுதானே என்று ஓட்டினேன். கருவடிக்குப்பம் தாண்டுவதற்குள் ஒரு இடத்தில் தெருவிளக்கு வரிசையாக அணைந்து கிடந்தது.

அந்த இருட்டில், வாழை இலைக்கு நடுவே, ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அணையாமல் நின்று எரிந்தது. அதற்குக் கீழே மஞ்சளாக ஏதோ மேலும் கீழும் ஆடியது. மூளைக்கு எட்டுவதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. டயர் கிறீச்சிட்டது. சத்தம் கேட்டுச் சைக்கிள் ஓரத்து மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. குதித்து ஓடினேன். விழுந்து எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டிருந்தவள் என் மனைவி.

அவளுக்கு முன்னால் இன்னொரு சைக்கிள் நின்றது. கருவடிக்குப்பத்துப் பெண். அவள் அங்கே இருந்ததே எனக்குத் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. விளக்கு, பிரதிபலிப்பான், பெடல் ஒன்று விடாமல் சந்தனம் அப்பியிருந்தது. கம்பெனிப் பூஜையில் பூசியது. அந்தப் பெண்தான் அழுதுகொண்டே சொன்னாள்.

"அக்காவுதுக்கும் பூசுனாங்கண்ணே. அக்கா உடனே தொடச்சிடுச்சு. சாமி குத்தம் ஆயிடும்க்கான்னு நாந்தான் சண்டை போட்டேன். சாமிக்கு ஹேண்டில்பார்ல வச்சாச்சு, வெளக்கு பின்னாடி வர்றவனுக்குன்னு சொல்லிச்சு. என்னுத தொடைக்க உடல நானு. அதான் நீ முன்னாடி போடி, நான் பின்னாடி வர்றேன்னு வந்துச்சு."

அந்தப் பின்னாடி வருகிறவன் நான். ரோடு என்றும் பார்க்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். என்ன பெண் இவள்! பின்னால் வருகிற முகம் தெரியாத முட்டாளுக்காகக் கூட யோசித்து வைத்திருக்கிறாளே என்று நினைத்தேன். "சைக்கிளத் தூக்கி வண்டில போடுறேன், ரெண்டு பேரும் ஏறுங்க" என்றேன்.

"வாணாம். நாங்க சைக்கிள்லயே போறோம்" என்றாள். சேலைத் தலைப்பால் அந்தப் பெண்ணின் விளக்கைத் துடைத்தாள். அப்புறம் தன் முழங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள், மூடியைத் திருப்பிப் பார்க்கிற அதே மாதிரி. தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. நிமிர்ந்தாள். எங்கள் வீட்டில் ரொம்பக் கோபம் வந்தால்தான் 'யோவ்' வரும்.

"யோவ். கீறல் பட்டுடுச்சு பாத்தியா? இப்ப சொல்லு. நாளைலேருந்து வேலைக்குப் போவக் கூடாதது யாரு? நானா, நீயா?"

நான் வாயைத் திறக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு ஹெட்லைட்டையும் அழுத்தித் துடைத்தேன், வாழைக்கன்றை அவிழ்த்து ஓரமாகப் போட்டேன். அதற்குள் அவள் ஏறி மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சிவப்பு விளக்குக்குப் பின்னாலேயே, ஹாரனைத் தொடாமல், வீடு வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.