இடப்பக்கம் இழுக்கும் படகு

“தம்பி, கை காலியா இருக்கா?” என்று கேட்டுத்தான் ஆர்டிஸ் கின்னமன் எனக்கு அறிமுகமானார். மூன்று தலைமுறையாக மரம் அறுக்கும் ஆலையில் உழைத்த எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஆற்றோர மீன்குஞ்சுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வீடு திரும்பும் வழியில் தன் கொட்டகை வாசலில் நின்று என் வண்டியை மறித்தார். செப்பனிட வந்த ஒரு படகைக் கவிழ்த்துப் போட நான்கு பேர் வேண்டும். மூன்று பேர்தான் இருந்தார்கள். மெக்கென்சி ஆற்றங்கரையில் அப்படிக் கூப்பிட்டால் யாரும் மறுப்பதில்லை.

ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்மணி. மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் கொட்டகைதான். முன்னும் பின்னும் மேலே வளைந்த மரப் படகுகள் எங்கள் ஆற்றுக்கென்றே உருவானவை. பாறை இடுக்குகளில் வெள்ளம் போகிற போக்கிலேயே வழுக்கிப் போகும். இற்றுப்போன அப்படிப்பட்ட படகுகளை வாங்கிச் செப்பனிடுவது அவருடைய பொழுதுபோக்கு. “நாய் வளர்க்கிறவங்க இல்லையா? அந்த மாதிரிதான். என்ன, இது குரைக்காது” என்பார்.

அன்று நாங்கள் கவிழ்த்தது பக்கத்து வீட்டு டெல்பர்ட் டீக் தன் கையாலேயே செய்த படகு. மீன் பிடிக்க வருகிறவர்களை அதில் ஏற்றி ஆற்றில் கூட்டிப்போவது அவர் பிழைப்பாக இருந்தது. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வசந்தத்தில் மீன்பிடிப் பருவம் தொடங்கும் நாளில், ஒரு தடவையாவது தன் படகில் உட்கார்ந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதைச் செப்பனிட்டுத் தர ஆர்டிஸ் ஒப்புக்கொண்டார்.

அடிப்பலகையைப் பெயர்த்தால், உள்ளே விலாக்கட்டைகள் எல்லாமே உளுத்திருந்தன. ஒரு விலாவை மாற்றிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். படகின் உருவத்தைப் பிடித்துவைத்திருப்பவை அவைதான். ஆர்டிஸுக்கு இது தெரியாததா? ஆனாலும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்த அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிவிட்டார். மறுநாள் நான் போனபோது இரண்டு பக்கப் பலகைகளும் வாயைப் பிளந்து விரிந்து கிடந்தன.

“வா, என்கூட வந்து நில்லு. தனியாப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல” என்றார்.

டீக் வீட்டில், பிளாக்பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரத்தை வெட்டி வைத்தார் டெல்பர்ட்டின் மனைவி லோரீன். ஆர்டிஸ் அதைத் தொடவில்லை.

“டெல்பர்ட், உன் படகோட உருவத்தைக் கெடுத்துட்டேன். விலாவையெல்லாம் ஒரே நாள்ல கழட்டிட்டேன்.”

டெல்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “பஸ்ல புள்ளைங்கள ஒண்ணொண்ணாப் பாத்து இறக்குவியே, இதுல மட்டும் என்னம்மா அவசரம்?”

“சீசனுக்குள்ள உன்னை ஏத்தணும்னுதான்…”

“அந்த வளைவு என் கையால வந்தது. அளவு கிடையாது, வரைபடம் கிடையாது. இனி எங்க போய்த் தேடுவ?”

ஆர்டிஸின் முகம் வெளுத்துவிட்டது. லோரீன்தான் சிரித்தார்.

“எந்த வளைவு? பாலத்துக்குக் கீழ பாறையில கொண்டுபோய் மோதுனியே, அதுக்கு முன்னாடி இருந்ததா, பின்னாடி வந்ததா?”

“லோரீன், சும்மா இரு.”

“ஏன் இருக்கணும்? ஆர்டிஸ், அன்னிலேர்ந்து அந்தப் படகு இடப்பக்கமாவே இழுக்கும். ஏறுறவங்ககிட்டல்லாம் காத்துன்னு சொல்லிச் சமாளிப்பாரு. இலை அசையாத நாள்லயும் இவருக்கு மட்டும் காத்து!”

“காத்துதான் அது.”

“ஆமாமா, உன் வாயிலேர்ந்து வந்த காத்து.”

ஆர்டிஸ் மெதுவாகக் கேட்டார்: “எந்த வளைவுக்குக் கொண்டுவரட்டும் டெல்பர்ட்? மோதறதுக்கு முன்னாடி இருந்ததுக்கா, பின்னாடி இருந்ததுக்கா?”

டெல்பர்ட் கீழே வைத்த முள்கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டார். “முன்னாடி” என்றார்.

அதன் பிறகு டெல்பர்ட் தினமும் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கப் பலகைகளைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் கம்பைச் செருகி முறுக்குவார் ஆர்டிஸ். டெல்பர்ட் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும்… இன்னும்… போதும், நிறுத்து!” என்பார். அந்த உருவத்துக்கு விலாக்களைச் செதுக்கிப் பொருத்தினார் ஆர்டிஸ்.

பருவம் தொடங்கிய நாளில் ஆர்டிஸ் துடுப்புப் போட, முன்னிருக்கையில் டெல்பர்ட்டும் நானும் உட்கார்ந்திருந்தோம். முதல் நீர்ச்சரிவு நெருங்கியதும் பழக்கதோஷத்தில் டெல்பர்ட்டின் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. படகு எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது.

“இது என் படகு இல்ல” என்றார் டெல்பர்ட்.

துடுப்புகள் அந்தரத்தில் நின்றன.

“என் படகு இவ்வளவு நல்லா எங்க போச்சு? சனியன், இத்தனை வருஷம் முதுகை ஒடிச்சுக்கிட்டேனே! ஏய், ஏம்மா பாத்துக்கிட்டு உக்காந்திருக்க, முன்னாடி பாறை, இழு!”

ஆர்டிஸ் இழுத்தார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை அவருக்கு.

டெல்பர்ட் படகை ஆர்டிஸுக்கே கொடுத்துவிட்டார். ஆர்டிஸ் இன்னும் பள்ளிப் பேருந்துதான் ஓட்டுகிறார். கோடையில் சனிக்கிழமைதோறும் இருவரும் அந்தப் படகில் ஆற்றில் இறங்குகிறார்கள்.