கால் பட்ட சரம்

பூ வியாபாரத்தில் என்னை ஏய்த்தவன் மயிலாப்பூரில் இன்னும் பிறக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு போச்சு. கூடையில் மல்லி சுமந்து, குளத்தோரம் கடை போட்டு, மந்தைவெளியில் மாடி வீடே கட்டினேன். கத்தியைக் காட்டி மாமூல் கேட்டவனுக்குக்கூட நான் பயந்ததில்லை. போன மாசம் ஒரு படத்தைப் பார்த்துப் பயந்தேன்.

மாடியில் குடியிருக்கும் பெண் ஓவியம் படிக்கிறாள். தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனவனை நிறுத்தி, கலர் சாக்கட்டியால் என் வீட்டுக்காரியை வரைந்திருந்ததைக் காட்டினாள். கிட்டே பார்த்தால் வெறும் கிறுக்கல். நாலடி தள்ளி நின்றால் அவளேதான்: பின்வாசலில் காலை வெயில், குனிந்த கழுத்து, மடியில் மல்லி.

"இது இம்ப்ரெஷனிஸ்ட் பாணி அங்கிள். அந்தக் காலத்து பிரெஞ்சுக்காரங்க, வீட்ல பொம்பளைங்க அவங்க பாட்டுக்கு இருக்கறத இப்படித்தான் வரைவாங்க. ஆன்ட்டிக்கே தெரியாம மேலருந்து பாத்து வரைஞ்சேன்."

"எல்லாம் சோக்கா கீது. நூலை மட்டும் தப்பா போட்டுட்டியே? கால் கட்டைவிரல்ல மாட்டிக்கினு கீது பாரு."

"அப்படித்தான் கட்றாங்க."

"அடப் போம்மா! சாமிக்குப் போற பூவு. அவளாவது, கால்ல வெக்கறதாவது!"

"ஒரு வாரமா பாக்கறேன் அங்கிள். இடது கை சும்மா மடியிலயே கிடக்குது."

தரையில் விழுந்த பூவைக்கூடச் சாமிக்கு வைக்க மாட்டாள் அவள். இடது கை விரலில் நூலை இழுத்துப் பிடித்து, வலது கையால் முடிச்சுப் போடுவதுதான் அவள் கட்டு. அந்த விரல்கள் நூலைப் பிடிக்காவிட்டால்தான் கால் வேண்டும். என் அக்காள் புருஷன் இப்படித்தான் கை மரத்துப்போகிறது என்றார். மறுவாரம் வாதம் வந்து படுத்தவருக்குப் பேச்சே திரும்பவில்லை.

படி இறங்கிப் பின்வாசலுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, பேயடிச்ச மாதிரி வந்து நிக்கற?"

"கைய நீட்டு."

"எந்தக் கைய?"

"இடது கைய."

வலது கையால் அதைத் தூக்கி என் முன் வைத்தாள். "எறும்பு ஊர்ற மாதிரி கீது, அவ்ளோதான். சொன்னா நீ ஊரைக் கூட்டுவே."

"சாமி பூவ கால்லயா கட்ற?"

"சீ! இது என் தலைக்கு. சாமிக்குத் தெரு முனையில வாங்கிக்கினு வந்து போடறேன்."

பூக்கடைக்காரன் பெண்டாட்டி காசு கொடுத்துப் பூ வாங்கியிருக்கிறாள்! வேறு நாளாயிருந்தால் தெருவே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். அன்றைக்குச் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பையன். தன் விரலை நீட்டி இடது கையால் அழுத்தச் சொன்னார். இவள் வெட்கப்பட்டாள். "சரி, அவர் கையையே பிடிங்கம்மா. நல்லா அழுத்துங்க."

என் விரல்களை அவள் கையில் கொடுத்தேன். பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. என் விரலில் அழுத்தமே தெரியவில்லை.

"எப்டி கீது என் பிடி?" என்று கேட்டாள்.

"விடுடி, வலிக்குது" என்றேன்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, ஸ்கேனுக்கு உடனே கூட்டிப்போகச் சொன்னார்.