சட்டைக்குள் வந்த பிரயாணி

திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டதும் கண்ணாடி பார்க்கக்கூடாது. நான் பார்த்தேன். அந்த அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்குள் சித்தூர் போகும் காலை ரயில் போய்விட்டது.

சாயங்காலம் சித்தூரில் எல்லைக் கூட்டம். ஆந்திர ராஜ்யம் பிறந்து இரண்டாவது மார்கழி. ஜில்லாவின் தமிழ்ப் பகுதிகள் யாருக்குச் சேரவேண்டும் என்று நாற்பது நிமிஷம் பேச என்னை அழைத்திருந்தார்கள். சிரிக்க எழுதுகிறவனை ஏன் அழைத்தார்கள் என்று கேட்காதீர்கள். முதலில் அவர்கள் அழைத்த ஆள் வர மறுத்துவிட்டார்.

எட்டு மணிக்கு ஒரு வாடகைக் கார் பிடித்தேன். நாற்பது மைலுக்குக் கொஞ்சம் மேல், இருபது ரூபாய். டிரைவர் கோவிந்தன் புத்தூர்ப் பக்கத்துத் தமிழர்; குடியிருப்பது வழியிலுள்ள புத்தலப்பட்டில். சந்திரகிரி தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், வூட்டாண்ட ஒரு நிமிசம் நிறுத்திக்கிறேன். சம்சாரம் மாசமா கீது, எட்டாவது மாசம். ராவெல்லாம் இடுப்பு வலின்னு சொல்லிக்கினு இருந்தா."

"அப்படியே விட்டுவிட்டா வந்தீர்கள்?"

"நர்சம்மாவுக்குச் சொல்லி அனுப்பிட்டுத்தான் வந்தேன் சார். பொய் வலின்னு நெனச்சேன்."

பத்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம். வலி பொய் சொல்லவில்லை.

கதவு வழியாக நர்சம்மாவின் குரல்தான் முதலில் வந்தது. "காரு வந்துச்சா? மஞ்சிதி, நல்லதாப் போச்சு! பெண் குழந்தை நைனா. அவசரப்பட்டு வந்துட்டா. தாயிக்கு ரத்தம் நிக்கல. சித்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே."

சித்தூர் இன்னும் பத்து மைல். தாயைப் பின் சீட்டில் கிடத்தினார்கள். நர்சம்மா கீழே மண்டியிட்டு, அவள் அடிவயிற்றை ஒரு கையால் விடாமல் பிசைந்துகொண்டிருந்தார். கருப்பை இறுகினால்தான் ரத்தம் நிற்குமாம்; கையை எடுக்கக்கூடாதாம். குழந்தையோ ஒரு கைப்பிடி. அதன் பாதம் ஐஸாக இருந்தது. நர்சம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், ஜுரம், இருமல் ஏதாச்சும் உண்டா?"

"மொட்டை ஒன்றுதான்."

"சட்டையைக் கழட்டுங்க. சோப்புப் போட்டுக் கை, மார்பு எல்லாம் கழுவிட்டு, துடைச்சுட்டு வாங்க."

"நானா? தகப்பனார் இருக்கிறாரே!"

"அவரு காரு ஓட்டணும். நாத்தனாருக்குக் குளிர்ஜுரம். இந்தச் சிசுவுக்கு இப்ப வேண்டியது சூடு. உங்க உடம்பு தாராளமா இருக்கு."

என் தொப்பையைப் பற்றி அதுவரை யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. முன் சீட்டில் உட்கார்ந்தேன். துடைத்த குழந்தையை என் வெறும் மார்பில் குப்புற ஒட்டவைத்து, மேலே சட்டையைப் பூட்டி, சால்வையைச் சுற்றினார் கோவிந்தன். என் மஃப்ளர் குழந்தையின் தலைக்குப் போயிற்று. அந்தக் காரில் மொட்டைத் தலை இரண்டு, மஃப்ளர் ஒன்று. இளையவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

"கதலகண்டி சார், அசையாதீங்க. மூக்கு மூடாம பாத்துக்குங்க. உதடு நீலமானா சத்தம் போடுங்க. மெல்லகா போ நைனா."

கோவிந்தன் மெல்ல ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "சாமி, சாமி" என்றார். நர்சம்மா பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார்: "பாதம்?" "ஜில்லென்றிருக்கிறது." கொஞ்ச தூரம் போய், "பாதம்?" "அப்படியேதான்." நான் வேறு வழி தெரியாமல், மனப்பாடம் செய்த பிரசங்கத்தைக் குழந்தையிடம் முணுமுணுத்தேன். எல்லை விஷயத்தில் அது ஓர் ஆட்சேபமும் சொல்லவில்லை.

பிறகு குழந்தையின் முனகலும் நின்றது. "நர்சம்மா, சத்தமே இல்லை!" கோவிந்தனின் கால் பிரேக்கில் பதிந்தது.

"நீ ஓட்டு! சார், உதடு என்ன நெறம்?"

"சிவப்பு... சிவப்புதான்."

"உள்ளங்காலைச் சுண்டுங்க."

சுண்டினேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஒரு அதட்டல். என் கட்டுரைகளுக்கு வந்த கண்டனங்களில் இவ்வளவு இனித்தது எதுவுமில்லை. கையிலிருந்த பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. அதைச் சொல்ல வாயெடுக்கும்போதே வயிற்றில் இன்னொரு வெதுவெதுப்பு வழிந்தது.

"நர்சம்மா, நனைத்துவிட்டாள்!"

"நல்ல சகுனம் சார். உள்ள எல்லாம் வேலை செய்யுது. இங்கயும் ரத்தம் மட்டுப்படுது."

ஆஸ்பத்திரி வாசலில் தாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் சட்டைக்குள்ளிருந்ததை ஒப்படைத்தேன். கோவிந்தன் என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு உள்ளே ஓடினார்.

கூட்டத்துக்கு அதே சட்டையோடு போனேன். நாற்பது நிமிஷப் பிரசங்கம் நான்கில் முடிந்தது; பாக்கியைக் காரிலேயே பேசிவிட்டேன். சபையில் எல்லாரும் திருப்தியாகக் கைதட்டினார்கள்.

மறுநாள் ரயிலுக்கு முன் ஆஸ்பத்திரிக்கு ஓர் எட்டுப் போனேன். தாய் வெளிறியிருந்தாலும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டியிருந்தார்கள். குழந்தை இப்போது அவள் மார்பில், என் மஃப்ளரோடு.

"உங்க வேலை போச்சு சார்," என்றார் நர்சம்மா.

என் வீட்டில் இரண்டு பிரசவம் நடந்தது. இரண்டு தடவையும் நான் தெருக்கோடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலை நின்ற பிறகுதான் குழந்தைகளைத் தொடவே விட்டார்கள். ரயிலில் வழி நெடுக மார்பில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. பொத்தான்கள் எல்லாம் சரியாகவே இருந்தன.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி மொட்டையை விட்டுவிட்டுக் கழுத்தைப் பார்த்தாள்.

"மஃப்ளர் எங்கே?"

"சித்தூரில் ஒருத்தி போட்டுக்கொண்டிருக்கிறாள்."

"யார் அவள்?"

"இன்னும் பெயர் வைக்கவில்லை."