கதவடியில் திணித்த நாளிதழ்

நகப்பூச்சுப்போல இனிப்பாகத் தொடங்கித் தொண்டையில் காரமாக இறங்கும் ஒரு வாசனை, தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் எங்கள் அடுக்குமாடியின் கீழே நின்றுகொண்டே இருக்கும். காரில் துரு அரித்த ஓட்டைகளை அடைக்கக் குழைக்கும் பசையின் வாசனை அது, மலாய்ச் சொல்லால் "டெம்புல்" என்போம். ஜார்ஜ்டவுன் கடலோரத்து உப்புக்காற்று எல்லாருடைய "காடி"யையும் (காரை அப்படித்தான் சொல்வோம்) தின்றது. கோயிலுக்குப் போகுமுன் எல்லாரும் அதை மறைத்தார்கள்.

எங்கள் காரில் கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பு உள்ளிருந்தே உளுத்திருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு வரிசை உண்டு என்பதைப் பின்னாளில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தேன்: நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுவது, புதுத் தகட்டைப் பற்றவைப்பது, துருத்தடுப்புப் பூச்சு, அதன்பிறகே மெல்லிய டெம்புலும் சாயமும். அப்பா கடைசி இரண்டை மட்டும் செய்தார். குழிக்குள் பழைய நாளிதழைச் சுருட்டித் திணித்து, மேலே டெம்புலை அப்பி, வழவழவென்று தேய்த்துச் சாயம் அடித்தார். மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மாமா, "மச்சான், காடிக்கு மேக்கப் ஜோரு லா! பொண்ணு பார்க்கவா போறீங்க?" என்று கத்தினார். "உறுமி ஏத்திக்கிட்டுப் போற காடிடா, சொந்தக்காரன் முன்னாடி மானமா நிக்கணும்" என்றார் அப்பா.

மாமா அம்மாவின் தம்பி, எங்கள் வட்டாரக் குழுவின் உறுமிக்காரர். வளைந்த குச்சியால் அவர் தோலைத் தேய்த்தால், காவடி எடுப்பவர்களுக்குக் கால் தானாகவே எழும் என்பார்கள்.

தைப்பூசத்தன்று பால்குடம் எடுக்கும் அம்மாவோடு அப்பா விடியலிலேயே நடந்துவிட்டார். மேளங்களை ஏற்றிவந்து சேர வேண்டியது மாமாவின் பொறுப்பு. கிளம்பும்போது பின்டயரில் காற்றில்லை. மாமா என்னை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, அந்தப் புதுச் சாயம் மின்னும் விளிம்பின் கீழேயே ஜேக்கை வைத்து ஏற்றினார். பழைய டயரைக் கழற்றி, மாற்று டயரை அடியில் கைகொடுத்துத் தூக்கியபோது, பிஸ்கட் உடைவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஜேக் விளிம்பைத் துளைத்துக்கொண்டு மேலே போக, கார் கீழே வந்தது. மாமாவின் அலறலைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது, கிழிந்த விளிம்பிலிருந்து ஈரமாகத் தொங்கிய நாளிதழ்.

மருத்துவமனை வராந்தாவில் பெரியம்மா அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டாள். "விரதம் சுத்தமா இருந்தியாடி? உண்மையச் சொல்லு." அம்மா யோசித்து யோசித்து, "ஓவர்டைம் அன்னைக்கு கேண்டீன்ல சூப்பு குடிச்சேன்கா... கோழி போட்டிருப்பானோ என்னவோ" என்று சொல்லி அழுதாள். "அதான். அவன் கையில வந்து விழுந்திருக்கு." அப்பா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அவர் ஒருமுறை வீட்டுக்குப் போய்வந்திருந்தார். மாலையில் நாங்கள் திரும்பியபோது விளிம்பில் நாளிதழ் இல்லை, வெறும் ஓட்டைதான் இருந்தது.

மாமாவின் விரல்கள் பிறகு மடங்கவில்லை.

அந்தக் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. உறுமிக்குழு கலைந்துவிட்டது. அடுக்குமாடியின் கீழே வண்டி வேலை செய்யக்கூடாது என்று பலகை வைத்தபின் டெம்புல் வாசனையும் போய்விட்டது. நான் இப்போது தொழிற்சாலையொன்றில் உலோக அரிப்பைச் சோதிக்கிறேன். அம்மா மட்டும் ஆண்டு தவறாமல், தன் பாவத்துக்காகத் தம்பி பேரில் பால்குடம் எடுக்கிறாள். "போதும்கா, இனிமே நான் என்ன கேரமா விளையாடப் போறேன்?" என்று மாமா சிரித்தாலும் கேட்பதில்லை.

இந்த ஆண்டும் கிளம்பும் நேரத்தில், அப்பா என் புதுக் காரின் பக்கத்தில் குனிந்து, விளிம்பைக் கட்டைவிரலால் முன்னிருந்து பின்வரை அழுத்திக்கொண்டே போனார்.

"அதுல என்னங்க இருக்கு? நேரமாச்சு லா" என்றாள் அம்மா, மஞ்சள் புடவையில், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.