தோளில் இல்லாத துண்டு

பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு பேனர் ஒரு பக்கம் கிழிந்து, டீக்கடைத் தகரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் அண்ணனின் படத்திறப்புக்கு வைத்த பேனர். விழா முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வைப்பதற்கு இடம் பிடித்துச் சண்டை போட்டவர்களில் ஒருவரைக்கூட அதை எடுக்கக் காணோம். பெயருக்கு முன்னால் சிங்கம், புயல், போர்வாள் என்று வரிசையாகப் பட்டங்கள். இத்தனைக்கும் அந்த மனுஷனுக்குப் பல்லியைக் கண்டால் பயம். தறிக்குழியில் பல்லி விழுந்தால் பெண்டாட்டியைத்தான் கூப்பிடுவார்.

பட்டங்கள் போகட்டும். என் எரிச்சல் அந்தப் படத்தைப் பற்றியது. சிரித்த முகம், கறுத்த முடி, தோளில் கட்சிக்கரை போட்ட துண்டு. அந்தப் படத்தை எடுத்தவன் நான். முடி அவ்வளவு கறுப்பாக இல்லை. துண்டு இல்லவே இல்லை. இதை அங்கே நின்றுகொண்டு யாரிடம் சொல்வது? டீ மாஸ்டரிடம் சொன்னேன். அவர், "அதுக்கு இன்னா இப்ப, நல்லாத்தான கீது" என்றார். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

இப்போது அரிசி மண்டியில் உட்கார்ந்திருக்கிற நான், கல்யாணத்துக்கு முன்னால் ஆரணியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவன். ஃபிலிம் காலம். இருட்டறையில் படம் கழுவுகிற ஹைப்போவின் வாடை கையை விட்டுப் போகவே போகாது. சோற்றில் அந்த வாடை, தலையணையில் அந்த வாடை. பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரை வாங்கினபோது, "ஆஸ்பத்திரியில வேலையா?" என்று கேட்டார்கள். அந்தச் சம்பந்தம் கூடவில்லை.

அந்த ஸ்டூடியோவுக்குக் கல்யாணத்தை விட்டால் அடுத்த வருமானம் கட்சிக் கூட்டம்தான். எல்லாக் கட்சிக்கும் நாங்கள்தான். கோட்டை மைதானத்தில் யார் பேசினாலும் மேடைக்குக் கீழே நான் கேமராவோடு நிற்பேன். உள்ளூர் பேச்சாளர்களில் ஏகாம்பரம் அண்ணனுக்கு மவுசு அதிகம். பகலில் பட்டு நெய்கிறவர். மாலையானால் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவர். கூட்டத்துக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்: "தம்பி, கையைத் தூக்கறப்ப எடு. கழுத்துல நரம்பு தெரியணும். சும்மா நின்னுகினு இருக்கறப்ப எடுத்து வெச்சினா, மளிகைக்கடைக்காரன் மாதிரி இருப்பேன்."

அப்படியே எடுத்தேன். எத்தனை கூட்டம், எத்தனை நரம்பு. எல்லாப் படத்திலும் கை மேலே, வாய் திறந்து, கண் பிதுங்கி. அவர் அதிகமாகத் திட்டுவது எதிர்க்கட்சிக்காரரான தட்சணாமூர்த்தியை. அவரும் நெசவாளிதான், அவரும் மேடைப் பேச்சாளர்தான். ஏகாம்பரம் அண்ணன் இவரை "முதுகெலும்பு இல்லாத புழு" என்றால், மறுவாரம் அதே மைதானத்தில் இவர் அவரை "காசுக்குக் கூவுற சேவல்" என்பார். கூட்டம் விசிலடிக்கும். வெளியூர்க்காரன் யாராவது கேட்டால் இரண்டு பேரும் எங்கேயாவது சந்தித்தால் வெட்டுக்குத்து நிச்சயம் என்றுதான் நினைப்பான்.

சந்தித்தார்கள். தினமும் சந்தித்தார்கள். எதிரெதிர் வீடு.

நானும் அதே தெருவில்தான் ஒரு அறையில் குடியிருந்தேன். விடிந்ததும் கஞ்சி வாசனை வரும். இட்லிக்கும் சாம்பாருக்கும் முன்னால் எழுகிற வாசனை அது. பாவு நீட்டுகிறார்கள் என்று அர்த்தம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், நெடுக்கு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடும் வேலை. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் அக்கம்பக்கத்தார் கை கொடுப்பார்கள். இரண்டு முனையிலும் ஒரே பதமாக இழுத்துப் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எங்கள் தெருவில் அப்படிப் பிடிப்பதற்கு ஏகாம்பரத்தையும் தட்சணாமூர்த்தியையும் விட்டால் ஆள் கிடையாது. ஒரு முனையில் சிங்கம், இன்னொரு முனையில் புழு.

பாவுக்கென்று அந்தத் தெருவில் ஒரு சட்டம் இருந்தது. தோளில் துண்டோடு யாரும் பாவுகிட்ட வரக்கூடாது. குனிகிறபோது துண்டு நழுவி இழைமேல் விழுந்தால் போயிற்று, ஈரப் பட்டிழை துண்டின் குஞ்சத்தில் சிக்கி அறுந்துகொண்டே போகும். அதனால் தெரு முனையில் இருந்த முருங்கை மரத்தில் துண்டைப் போட்டுவிட்டுத்தான் வேலையில் கை வைப்பார்கள். இந்தக் கட்சிக்கரைத் துண்டும் அந்தக் கட்சிக்கரைத் துண்டும் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் தொங்கும். துண்டு போனதும் பேச்சும் போய்விடும். யாராவது கட்சிச் சமாசாரம் எடுத்தால் தட்சணாமூர்த்தி பாவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அத்தெல்லாம் மரத்துல தொங்குது, அங்க போய்க் கேளு" என்பார்.

மேடையில் கேட்ட குரலையா நான் காலையில் கேட்டேன் என்று பல நாள் சந்தேகப்பட்டிருக்கிறேன். வீட்டில் ஏகாம்பரம் அண்ணன் பேசுவதே காதில் விழாது. அவர் மனைவி சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை, காலையிலேயே கிளம்பிவிடுவார். மகள் சுமதிக்குத் தலை பின்னிவிடுவது இவர் பொறுப்பு. வாசற்படியில் அவளை உட்காரவைத்து, சீப்பை வாயில் கவ்விக்கொண்டு பின்னுவார். நெசவாளி விரல் பின்னினது எங்கே அவிழும்? சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் காலையில் போன மாதிரியே இருக்கும். "தலை வலிக்குதுப்பா, கொஞ்சம் லூசா பின்னுப்பா" என்று அவள் கெஞ்சுவாள். இப்படிக் கையைத் தூக்காத ஏகாம்பரத்தை ஒரு படம் எடுக்க அப்போதே எனக்கு ஆசை. ஃபிலிம் முதலாளியுடையது. ஆசையோடு நிறுத்திக்கொண்டேன்.

தட்சணாமூர்த்திக்கு ஒருமுறை மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். கண்ணமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் மருந்து கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தறியை நிறுத்திவிட்டு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தவர் ஏகாம்பரம் அண்ணன். அந்தச் சமயத்தில் ஒரு கூட்டம் வந்தது. மணிக்கணக்கில் பேசினார், தட்சணாமூர்த்தி பெயரை எடுக்கவே இல்லை. கட்சியில் கேள்வி கேட்டார்களாம். "படுத்துகினு இருக்கறவனை எப்படிங்க திட்டறது? எழுந்து வரட்டும், திட்டறேன்" என்று சொல்லிவிட்டார். எழுந்து வந்ததும் சொன்னபடியே திட்டினார். முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

அந்தப் படம் அதற்கப்புறம் ஒரு காலையில் எடுத்தது. முதல் நாள் கல்யாணம் ஒன்று முடிந்து, கேமரா என்னிடமே இருந்தது. ரோலில் ஒரு ஃபிரேம் மிச்சம். தெருவில் பாவு நீட்டி முடித்து, இரண்டு பேரும் ஒரே முனைக்கு வந்து இடுப்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். முந்தின வாரக் கூட்டத்தில் ஏகாம்பரம் அண்ணனுக்கு நடுவில் மூச்சு வாங்கியதை நானும் பார்த்திருந்தேன். தட்சணாமூர்த்தி அவர் தோளில் கையைப் போட்டு, "என்னைத் திட்டறப்ப உனக்கு ரொம்ப மூச்சு வாங்குதுப்பா. நடுவுல சோடா குடிச்சிட்டுத் திட்டு, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றார். ஏகாம்பரம் அண்ணன் சிரித்தார். வெற்றுத் தோள், அதில் நண்பனின் கை, பின்னால் நீண்டுகொண்டே போகிற பாவு. அழுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான்.

முதலாளியிடம் காட்டினேன். கடைக் கண்ணாடியில் வைக்கலாமா என்று கேட்டேன். "வெச்சா ரெண்டு கட்சிக்காரனும் வந்து கண்ணாடியை உடைப்பான். தூக்கி உள்ள போடு" என்றார். பிரிண்டை நான் வீட்டுக்கு எடுத்து வந்து பெட்டியில் போட்டேன். அப்புறம் டிஜிட்டல் வந்தது, செல்போன் வந்தது, முதலாளியும் போய்ச் சேர்ந்தார். அவர் பிள்ளைகள் நெகடிவ்களையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். ஊரே எப்போதெல்லாம் சிரித்ததோ அதெல்லாம் பழைய இரும்போடு வண்டி ஏறிப் போயிற்று.

ஏகாம்பரம் அண்ணன் காலமானதும் காரியம் முடிந்து சுமதி என்னைத் தேடி வந்தாள். பெரணமல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கே முடி நரைத்திருந்தது. "அண்ணா, வீட்ல எங்கப்பா படம் இருபது முப்பது இருக்குது. எல்லாத்துலயும் கத்திகினு இருக்காரு. என் பையன் அதைப் பார்த்துட்டு, தாத்தா ஏம்மா எப்பவும் கோவமாவே இருந்தாருன்னு கேக்கறான். எனக்குத் தலை பின்னி விட்ட அப்பா ஒரு படத்துலயும் இல்லைண்ணா. உங்ககிட்ட ஒண்ணாவது இருக்குமா?"

பரணில் ஏறி, பெட்டியை இறக்கி, தும்மித் தும்மித் தேடி அதை எடுத்துக் கொடுத்தேன். அவள் பார்த்தாள். அழவில்லை, "ஆங், இதான்" என்றாள். போனில் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்தேன். பளபளக் காகிதத்தில் ட்யூப்லைட் வெளிச்சம் அடித்து, தட்சணாமூர்த்தி முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டி. ஸ்டூடியோவில் வேலை பார்த்தவன் எடுத்த லட்சணம் அது.

படத்திறப்புக்குக் கட்சியிலிருந்து படம் கேட்டார்கள். சுமதி, "இந்தப் படந்தான் வைக்கணும், வேற கூடாது" என்று சொல்லி அதைக் கொடுத்தாள். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். ஊரார் ஒரு தடவையாவது அவள் அப்பாவைப் பார்க்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் விழா. பஸ் ஸ்டாண்டில் பேனர் முதல் நாள் ராத்திரிதான் ஏறியது, அந்தப் பக்கம் போகாததால் நான் பார்க்கவில்லை. மைக்கில் ஆள் மாற்றி ஆள் முழங்கினார்கள். அவர் கண்ட களம், அவர் போன சிறை, அவர் வாங்கின அடி. ஒருவராவது அந்த ஆள் வீட்டில் எப்படி இருந்தார் என்று ஒரு வார்த்தை? கிடையாது. அப்புறம் திரையை இழுத்தார்கள். கை தட்டினார்கள். அதே சிரிப்பு. பக்கத்தில் ஆள் இல்லை. தோளில் கை இல்லை. கை இருந்த இடத்தில் கட்சிக்கரைத் துண்டு, கம்ப்யூட்டரில் ஒட்டியது. பின்னால் பாவு மட்டும் அப்படியே இருந்தது, அது என்னவென்று ஒட்டினவனுக்குத் தெரியாததால்.

தட்சணாமூர்த்தி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கரை இல்லாத வேட்டி. மேடையில் அவர் கட்சியைத் திட்டிக்கொண்டிருந்ததால் யாரும் நாற்காலி காட்டவில்லை, வாசலோரம் நின்றார். நான் பக்கத்தில் போனேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவுகிட்ட துண்டு போட்டுகினு எவன் நிப்பான்? அவன் நிப்பானா?" என்றார். அப்புறம், "என் கை எங்கப்பா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு மேடையேறித் திரையை மறுபடி மூடியிருக்க வேண்டும். என் வீரம் மண்டி மூட்டையை எண்ணுவதோடு சரி.

விழா முடிந்ததும் சுமதியும் நானும் பிரிண்டைக் கேட்டோம். ஏற்பாடு செய்த இளைஞர் ஒரு கவரைக் கொடுத்தார். மரியாதையான பையன்தான், சுமதியை அக்கா என்றுதான் கூப்பிட்டார். கவருக்குள் பாதிப் படம் இருந்தது. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார்கள்.

"நம்ம மேடையில அந்தாளு மூஞ்சி வந்தா நல்லா இருக்குமாக்கா? அதான் கட் பண்ணித்தான் ஸ்கேனுக்கே குடுத்தேன். தோள்ல விரல் மட்டும் நின்னு போச்சு, அது மேல துண்டு போட்டு அட்ஜஸ்ட் பண்ணிட்டாங்க. ஜல்தி ஜல்தின்னு பண்ணாலும் சூப்பரா வந்துகீதுல்ல?"

"அந்தப் பாதி எங்க தம்பி?" என்று சுமதி கேட்டாள்.

"அங்கியே குப்பையில போட்டுட்டேங்க்கா. அத வெச்சி இன்னா பண்றது?"

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவருக்கு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் திட்டியாவது இருக்கலாம். அவர் நிஜமாகவே அண்ணனுக்கு நல்லது செய்ததாகத்தான் நினைக்கிறார். அந்த முருங்கை மரம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு கட்சிக்கும் சிமெண்ட் மேடை கட்டிக் கொடிக்கம்பம் நட்டிருக்கிறார்கள். துண்டைக் கழற்றினாலும் மாட்ட இடம் கிடையாது. அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள், அதைக் கழற்றலாம் என்று?

சுமதி அந்தப் பாதிப் படத்துக்குச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாள். சிரிக்கிற அப்பா, அவர் தோளில் நாலு விரல். போன வாரம் போன் செய்தாள். தட்சணாமூர்த்தி பஸ் பிடித்துப் பெரணமல்லூருக்கு வந்தாராம். அந்தப் படத்துக்குக் கிட்டே போய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாராம். கிளம்பும்போது, "என் மூஞ்சி போனா போவுதும்மா. கையையாவது விட்டு வெச்சானே" என்றாராம்.

அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. எனக்கு அந்த மூஞ்சி வேண்டும். மேடையில் தன்னைத் திட்டினவனைப் பார்த்து, சோடா குடிச்சிட்டுத் திட்டு என்று சொன்ன மூஞ்சி. இந்த ஊரில் அது ஒரே ஒரு பிரிண்டில்தான் இருந்தது.